வலது பக்கத்து செல்லோக்கள்

லேக் மார்க்கெட்,
கொல்கத்தா.

அன்புள்ள தூத்துக்குடி வாசகருக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ரீரெக்கார்டிங் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றரைப் பக்கம் பாராட்டு. கடைசி அரைப் பக்கத்தில்தான் வம்பு இருக்கிறது. ‘ஹே ராம்’ படத்துக்குப் புடாபெஸ்ட் போய் எடுத்தது மட்டும்தான் ஆர்க்கெஸ்ட்ரா என்கிறீர்கள். நம்மூர் ஸ்டூடியோக்களில் எடுத்த வயலின்களெல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கின்றனவாம். “ஐயா, ஒப்புக்கொள்வீர்களா, மாட்டீர்களா?” என்று முடித்திருக்கிறீர்கள்.

பாதியை ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பாதி என்று எனக்கே தெளிவாகத்தான் பத்து நாள் பிடித்தது.

‘ஹே ராம்’ எங்கள் ஊர்க் கதை. 1946 ஆகஸ்ட் 16-ஆம் தேதி இங்கே வெடித்த கலவரத்தில்தான் சாகேத் ராம் தன் மனைவி அபர்ணாவைப் பறிகொடுக்கிறான். 2000 பிப்ரவரியில் படம் வந்தது; நான் இங்கே பார்த்தது இந்திப் பதிப்பு. பக்கத்து இருக்கையில் ஒரு வங்காளிப் பெரியவர். கலவரக் காட்சி முடிகிறவரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தார். நானோ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இளையராஜா ஹங்கேரிக்குப் போய் வெள்ளைக்கார ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பின்னணி இசை எடுத்திருக்கிறார் என்று படித்துவிட்டுப் போனவன் ஆயிற்றே. கேட்டால், வயலின்கள் ஒரு பக்கமாகவே ஏறி இறங்குகின்றன. அடியில் ஒன்றுமே இல்லை. குழம்பு ஊற்றாத சோறு. இதற்கா அவ்வளவு தூரம் போனார் என்று வீட்டில் வந்து புலம்பினேன். அடுத்த ஏழெட்டு வருஷம், கூச்சமே இல்லாமல், கண்டவரிடமெல்லாம் அதையே சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் என் மகள் தன் ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டு அதே படத்தை டிவிடியில் ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வலது காதில் செல்லோக்களும் டபுள் பாஸ்களும் தரையைப் பிராண்டிக்கொண்டு எழுந்து வந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நாள் இவர்கள் எங்கே இருந்தார்கள்? ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எதிரே உட்கார்ந்தால் வயலின்காரர்கள் பெரும்பாலும் நமக்கு இடப்பக்கம், செல்லோவும் பாஸும் வலப்பக்கம். நான் படம் பார்த்த தியேட்டரில் வலது பக்க ஒலிபெருக்கி செத்துக் கிடந்திருக்கிறது! அரை ஆர்க்கெஸ்ட்ராவைக் கேட்டுவிட்டு முழுத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். தியேட்டரின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அங்கே இப்போது துணிக்கடை.

ஆகவே, முதலில் உங்கள் பாதி. புடாபெஸ்ட் ஒலியில் கேட்பது காற்று. பெரிய கூடம், உயரமான கூரை, வாசிப்பவர்களின் தலைக்கு மேலே எட்டத்தில் தொங்கும் மைக். வில்லிலிருந்து நேராக வரும் சத்தத்தோடு, சுவரில் மோதித் திரும்பும் சத்தமும் கலந்து மைக்குக்குள் போகிறது. முப்பது வயலின், முப்பது ஆட்களாகக் கேட்காமல் ஒரே பெரிய மிருகம் மூச்சு விடுவது போலக் கேட்பது அதனால்தான். நம்மூர் ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் சுவரே எதிரொலியைக் குடித்துவிடும்படி கட்டியிருப்பார்கள். மைக் வயலினுக்கு ஒரு முழத்தில் நிற்கும். எதிரொலி வேண்டுமென்றால் பிறகு கருவியில் ஏற்றிக்கொள்வார்கள். வில் தந்தியில் உரசுகிற சத்தம்கூடத் துல்லியமாக விழும். நீங்கள் தகரம் என்பது இந்த உரசலைத்தான்.

‘ஹே ராம்’ படத்துக்கு அந்தக் காற்று தேவைப்பட்டது. ஊரே எரிகிறது, கதாநாயகனுக்கோ தன் வீடே அந்நியமாகிவிட்டது. எட்டத்தில் நிற்கும் இசைதான் அங்கே பொருந்தும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் படத்துக்கு முதலில் இசையமைத்தவர் எல். சுப்பிரமணியம். அவர் விலகிய பிறகு, அவருடைய மெட்டுக்குப் படமாக்கியிருந்த பாட்டுக் காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டு, உதட்டசைவுக்குப் பொருந்தப் புது மெட்டுப் போட்டார் ராஜா. தைத்த சட்டைக்கு ஆள் தேடுகிற வேலை. ‘நீ பார்த்த பார்வை’ பாட்டு தொடங்கும் முன் ராணி முகர்ஜி சொல்கிற வங்காள வரிகள் ஜீவனானந்த தாஸுடையவை. 1954 அக்டோபரில் அந்தக் கவிஞரை டிராம் மோதியது ராஷ் பிஹாரி அவென்யூவில், தேசப்பிரிய பார்க் பக்கத்தில். என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் காய்கறி வாங்கப் போகிற வழி. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தண்டவாளம்தான் நினைவுக்கு வரும். இசை விமர்சனத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லைதான்.

இனி என் பாதி.

தகர டப்பா என்றீர்களே, அதற்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி லேக் டெம்பிள் ரோடு. 1960-களில் சத்யஜித் ராய் குடியிருந்த தெரு. பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் போவேன். அந்த வீடு எது என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1961-இல் ‘தீன் கன்யா’ தொடங்கி அவரே தன் படங்களுக்கு இசையமைத்தார். அதற்கு முன், 1955-இல் வந்த ‘பதேர் பாஞ்சாலி’க்கு ரவிசங்கர். அவருக்கு நேரமே இல்லை. முழுப் படத்தைக்கூடப் பார்க்காமல், ஏறக்குறைய பதினொரு மணி நேரம், விடியவிடிய ஒரே மூச்சில் வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். போதாமல் போன ஓரிடத்துக்கு, மிட்டாய்க்காரன் பின்னால் பிள்ளைகள் ஓடும் காட்சிக்கு, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவே சித்தார் வாசித்தார். கேமராக்காரர் சித்தார் வாசித்து நிரப்பிய ரீரெக்கார்டிங் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

அந்தப் படத்தில் ஓரிடம். வெளியூர் போயிருந்த ஹரிஹர் பெண்ணுக்குச் சேலை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். மகள் துர்கா செத்துப்போனது அவனுக்குத் தெரியாது. சேலையை நீட்டுகிறான். தாய் சர்போஜயா வாங்கிக்கொண்டு, பல்லால் கடித்து, உடைந்து அலறுகிறாள். அந்த அலறல் நமக்குக் கேட்பதில்லை. ராய் அந்தக் குரலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தார் ஷெனாயை வைத்தார். வாசித்தவர் தட்சிணாமோகன் தாகூர். தார் ஷெனாய் என்றால் ஊதுகிற வாத்தியம் இல்லை. எஸ்ராஜில் கிராமபோன் குழாய் மாதிரி ஓர் உலோகக் குழாயைப் பொருத்திய வில்வாத்தியம். தந்தியின் சத்தம் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வரும், கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி. இந்திய சினிமாவில் இதைவிடப் பெரிய அழுகை எனக்குத் தெரிந்து இல்லை. அது நிஜமாகவே தகரக் குழாய்க்குள்ளிருந்துதான் வந்தது! அந்த இடத்தில் புடாபெஸ்டின் முப்பது வயலினையும் வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். சர்போஜயாவின் சோகம் மாளிகைக்காரியின் சோகமாகிவிடும்.

நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்பதால் இன்னொன்று. 1969-இல் ராய் எடுத்த ‘கூபி காயின் பாகா பாயின்’ பார்த்திருக்கிறீர்களா? அதில் பேய்களின் நடனம் ஒன்று, ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும். நாலு சாதிப் பேய்கள்: ராஜாக்கள், வெள்ளைக்காரத் துரைகள், தொந்திக்காரர்கள், குடியானவர்கள். பாட்டில்லை, மெட்டில்லை, வெறும் தாளம். அந்தத் தாளம் நம்முடையது. கர்நாடகத் தாளவாத்தியக் கச்சேரியைக் கேட்டு மயங்கிய ராய், செவ்வியல் கம்பீரம் என்பதால் ராஜாக்களுக்கு மிருதங்கம் கொடுத்தார். விறைப்பான ஓசை என்பதால் துரைகளுக்குக் கடம். பாதி நாட்டுப்புறம் என்பதால் குடியானவர்களுக்குக் கஞ்சிரா. தொந்திக்காரர்களுக்கு மோர்சிங், அந்த டொய்ங் டொய்ங்குக்கே சிரிப்பு வந்துவிடும். பிறகு நாலு கூட்டமும் அடித்துக்கொள்கின்றன, தாளமும் அடித்துக்கொள்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா என்றால் என்ன என்பதற்கு எனக்கு இதுதான் உதாரணம். யார் பேச வேண்டியதை எந்த வாத்தியம் பேசுகிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் மாமா ஒருவர், சபாக் கச்சேரி தவிர வேறெதற்கும் போகாதவர், இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, “தனியாவர்த்தனத்துக்குப் படம் எடுத்திருக்கான்டா” என்றார்.

இனி, நீங்கள் குறை சொன்ன சென்னை ஸ்டூடியோ வயலினுக்கு வருகிறேன். வி.எஸ். நரசிம்மன் போன்றவர்கள் அங்கே வாசித்த வாசிப்பில், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வில் வழுக்குகிற வழுக்கல் இருக்கிறதே, அது காகிதத்தில் எழுத வராதது. 1986-இல் வந்த ராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். பாக் போல நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருக்கும் வயலின் சட்டென்று தியாகராஜரின் பக்கம் சாயும். இரண்டும் ஒரே கையில் இருக்கின்றன. வெளிநாட்டுக் கலைஞர்கள் நோட்ஸில் இருப்பதை அப்பழுக்கில்லாமல் வாசிப்பார்கள். இல்லாததை வாசிக்கமாட்டார்கள், வாசிக்கவும் கூடாது. 2005-இல் வந்த ‘திருவாசகம்’ புடாபெஸ்டில் எடுத்ததுதான். தந்தி வாத்தியங்கள் துவைத்துக் காயவைத்த வேட்டி மாதிரி அவ்வளவு சுத்தம். ஆனால் ராஜாவின் குரல் கமகத்தோடு அசையும்போதெல்லாம், தாமரை இலைத் தண்ணீராக அவை ஒட்டாமல் நிற்பதாகவே எனக்குப் படுகிறது. நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள்.

சலீல் சௌத்ரியைச் சொல்லாமல் கொல்கத்தாவிலிருந்து இந்தக் கடிதத்தை அனுப்பினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். அசாம் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவின் மேல்நாட்டு இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். மொசார்ட்டின் நாற்பதாவது சிம்பொனியை எடுத்து இந்திப் பாட்டாக்கியவர். ‘செம்மீன்’ அவர் இசை என்று உங்களுக்குத் தெரியும். 1979-இல் பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ படமும் அவருடையதுதான். ‘பூவண்ணம் போல நெஞ்சம்’ கேட்கும்போது, பாடுகிறவர்களை விட்டுவிட்டு, பின்னால் போகிறதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடியில் இன்னொரு பாட்டு ஓடும். பழைய ரெக்கார்டிங்தான், பஞ்சில் பொதிந்த மாதிரித்தான் ஒலிக்கும். ஆனாலும் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் கேட்கும், ஏனென்றால் அவர் கூட்டம் சேர்க்காமல் எழுதினார். அவருடைய ரெக்கார்டிங்குகளில் கிட்டார் வாசித்த ராஜாவும் அந்த இழைகளைக் கேட்டுக்கொண்டுதானே உட்கார்ந்திருப்பார்.

என் உண்மையான மனக்குறை புடாபெஸ்டும் இல்லை, சென்னையும் இல்லை. இசைத்தட்டுக்கு இந்த நகரம் தாய்வீடு. 1908-லேயே இங்கே தட்டு அச்சடித்தார்கள். பிறகு தொழிற்சாலை டம்டம்முக்குப் போயிற்று. எங்கள் அப்பா வாங்கிய தமிழ்த் தட்டுகளின் வட்டக் காகிதத்தில் டம்டம் என்று அச்சிட்டிருக்கும். மதுரையில் ஒலித்த பாட்டு இங்கிருந்து ரயிலேறிப் போனது என்று அப்பாவுக்கு ஒரு பெருமை, ஏதோ அவரே அச்சடித்த மாதிரி. இவ்வளவு தட்டு போட்ட நாட்டில், பாட்டில்லாத பின்னணி இசையைத் தனியாக வெளியிட்டது எத்தனை? ‘ஷோலே’ வசனத்தைத் தட்டாகப் போட்டு விற்றார்கள். ‘திருவிளையாடல்’ வசனம் கேட்காத கோயில் திருவிழா உண்டா? நாமெல்லாம் பின்னணி இசையைத் தனியாகக் கவனிக்கக் கற்றுக்கொண்டதே வானொலி ஒலிச்சித்திரத்தில்தான், அதுவும் ஆட்கள் பேசி ஓய்கிற இடைவெளியில். ‘ஹே ராம்’ இசைத்தட்டை வாங்கினாலும் பாட்டுகள்தான். நான் தியேட்டரில் கேட்காமல் ஏமாந்த அந்த செல்லோக்களைக் கேட்க இன்றைக்கும் துப்பாக்கிச் சத்தத்தையும் கூக்குரலையும் விலக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது. உங்கள் வயசுப் பிள்ளைகள் டிவிடியிலிருந்து வசனமில்லாத துண்டுகளை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறார்களாமே. சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். இருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய ராஜாவின் சிம்பொனியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது படத்துக்கு எழுதியதில்லை. இந்தச் சண்டைக்குள் அதை இழுக்க வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் பழைய தட்டு விற்கிறவரிடம் போயிருந்தேன். தட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்து, வெயிலுக்குச் சாய்த்துக் காட்டுவார். கீறல் இருந்தால் வெள்ளி மயிர் போல மின்னும். ‘கூபி காயின்’ தட்டு ஒன்று கிடைத்தது. கீறலோ கீறல். வாங்கிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் லேக் மார்க்கெட் நண்பன்

பி.கு.: உங்கள் ஹெட்ஃபோனில் எல், ஆர் என்று போட்டிருக்கும். மாற்றி மாட்டியிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.