மறதிக்கும் மருந்து உண்டு



காசநோய் வந்தவர் வழக்கமாக 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். ஆனால் ஓரிரு மாதங்களிலேயே இருமல் தணிந்து, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். "இனி எதற்கு மாத்திரை?" என்று மனம் கேட்கும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும் உருவாகலாம். உயிருக்கே ஆபத்து.

நோயாளியைக் கடிந்துகொண்டால் இது தீருமா? இதற்கு விடை தேடியதில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

1956-ல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே, நெருக்கமான வீடுகளில் இருந்தபடி மருந்து சாப்பிட்ட ஏழைகளும் குணமடைந்தார்கள் என்று 1959-ல் அதன் ஆய்வு காட்டியது. ஆனால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைகளைப் பலர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பதும் தெரியவந்தது. ஆகவே வாரம் 2 முறை, ஊழியரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை அங்கேயே சோதித்து, 1964-ல் நல்ல பலனை வெளியிட்டார்கள். பிற்கால 'டாட்ஸ்' திட்டத்துக்கு இது வழிகாட்டியது. ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய நம் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில் 1999-ல் அத்திட்டம் தொடங்கியது.

அத்திட்டத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் முழுச் சிகிச்சைக்கான மருந்தும் தனிப் பெட்டியில் ஒதுக்கப்பட்டது. புதிய நோயாளிக்குச் சிவப்பு, மறுசிகிச்சைக்கு நீலம். "என் மருந்து பத்திரமாக இருக்கிறது" என்ற நம்பிக்கை நோயாளிக்கு. மாற்றிக் கொடுத்துவிடாதபடி பாதுகாப்பு ஊழியருக்கு.

ஆயினும், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்பவர் மருந்துக்காக மையத்துக்கு வந்தால் கூலி போகும். இத்தகையோருக்கு உதவவே '99 டாட்ஸ்' முறை பின்னர் வந்தது. அட்டையிலிருந்து மாத்திரையை எடுத்தால்தான் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அதற்குக் கட்டணமின்றி அழைத்தால், அன்றைய மருந்து பதிவாகிவிடும். அழைப்பு வராவிட்டால் ஊழியர் விசாரிக்கலாம்.

மறதியும் சலிப்பும் எல்லா மனிதருக்கும் உண்டு. அவற்றை முன்கூட்டியே எண்ணி அமைத்த முறைதான் நிலைத்து நிற்கும்.

நாம் செய்யக்கூடியவை:

1. நீண்ட நாள் மருந்து சாப்பிடும் உறவினருக்கு, காலைக் காபி போன்ற தினசரி வழக்கம் ஒன்றோடு மாத்திரையைச் சேர்த்துவிடுங்கள். எந்த வேளை, உணவுக்கு முன்னா பின்னா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. சாப்பிட்டதும் நாட்காட்டியில் அவரே குறியிடட்டும்.

3. ஒரு நாள் தவறினால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்தவர் அடுத்த முறை மறைப்பார். "என்ன தடை வந்தது?" என்று கேளுங்கள், அந்தத் தடையை நீக்க உதவுங்கள்.