நாய்க்குச் சொறியா? பூசும் முன் யோசிப்போம்!



ஆடு, மாடு, கோழி வளர்ப்பைப் பற்றிக் குழுக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். அந்த ஆட்டுப்பட்டியை ராத்திரி முழுக்கக் காவல் காக்கும் நாயைப் பற்றிப் பேசுவதில்லை. குழுக் கடனில் வாங்கிய ஆட்டுக்கு அதுதான் காவல். ஆனால் அதற்கு முடி கொட்டி, தோல் தடித்து, நாற்றம் அடிக்க ஆரம்பித்தால், "சொறி நாய், விரட்டி விடு" என்கிறோம். இல்லையென்றால் கையில் கிடைத்ததை எடுத்துத் தடவுகிறோம். இரண்டும் வேண்டாம். நாயின் தோல் நோய்களில் பெரும்பாலானவற்றைச் சரியான மருந்து, சரியான குளியல், கொஞ்சம் பொறுமை இருந்தால் குணமாக்கலாம்.

நாய் நக்கும் என்பதை மறக்கக் கூடாது

நமக்குப் புண் வந்தால் களிம்பு தடவிக்கொண்டு சும்மா இருப்போம். நாய் அப்படி இருக்காது. தடவின மறு நிமிஷமே நக்கிவிடும். ஆகவே அதன் தோலில் பூசுவது வயிற்றுக்குள்ளும் போகும். அதைக் கட்டிப்பிடித்து விளையாடும் நம் பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் வரும். நாயின் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியது என்பதையும் நினைவில் வைப்போம். 'நக்கினால் என்ன ஆகும்?' என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் எதையும் பூச வேண்டும்.

இவற்றைப் பூசவே கூடாது

* பழைய எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய்: தோல் வெந்து போகும். நக்கினால் ஈரல், சிறுநீரகம், நுரையீரல் கெடும்.
* வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து: வாயில் நுரை தள்ளி, வலிப்பு வந்து நாய் செத்துப் போகலாம். கலக்குகிற நமக்கும் ஆபத்து.
* பினாயில், அந்துருண்டை: புழு வைத்த புண்ணில் இவற்றைப் போடும் வழக்கம் பல ஊரில் உண்டு. இரண்டும் விஷம்.
* நாம் போடும் அரிப்புக் களிம்பு: பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு இரண்டு நாள் அடங்கும், உள்ளே சொறி பெருகும்.
* துணி சோப்பு, சோப்புத் தூள்: தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்து, அரிப்பை அதிகமாக்கும்.

எல்லா அரிப்பும் சொறி அல்ல

சொறி: கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலைக் குடைந்து முட்டையிடுவதால் வருகிறது. காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் தொடங்கும். தாங்க முடியாத அரிப்பு இருக்கும். மற்ற நாய்களுக்கு ஒட்டும். நமக்கும் கையிலும் இடுப்பிலும் அரிப்பு வரலாம். நாய் குணமானால் அதுவும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குட்டிகளுக்கு வரும் முடி உதிர்வு: கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் திட்டுத் திட்டாக முடி கொட்டும். அரிப்பு அதிகம் இருக்காது. இதுவும் பூச்சியால் வருவதுதான். ஆனால் ஒட்டாது.

படர்தாமரை: வட்ட வட்டமாக முடி போய், செதில் உதிரும். இது பூஞ்சை. நமக்கும் குழந்தைகளுக்கும் ஒட்டும்.

உண்ணி: காதுக்குள், கழுத்தில், விரல் இடுக்கில் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதுவும் நாயின் மேல் அல்ல, சுவர் வெடிப்பிலும் சாக்கின் அடியிலும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு இடத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் உண்ணி திரும்ப வரும்.

தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பல நேரம் நோய் உறுதியாகும். எனவே முதலில் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போவோம்.

வீட்டிலேயே செய்யக் கூடியவை

1. சிறு காயத்தை உப்பு நீரால் கழுவலாம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆற வைக்க வேண்டும். போவிடோன் அயோடின் இருந்தால் இளம் டீ நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து துடைக்கலாம்.

2. வறண்டு செதில் உதிரும் இடத்தில் தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவலாம். வேப்பெண்ணெயை அப்படியே பூசாமல் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு மட்டும் கலக்க வேண்டும். புண் இருக்கும் இடத்தில் வேண்டாம். இவை தோலுக்கு இதம் தருமே தவிர, உள்ளே குடையும் பூச்சியைக் கொல்லாது.

3. உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்காதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

4. படுக்கும் சாக்கை வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் காயப் போடுங்கள்.

டாக்டர் தரும் மருந்தை எப்படிப் போடுவது?

மருந்து ஷாம்பு: உடம்பை நனைத்து, நுரை வரத் தேய்த்து, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். உடனே ஊற்றிக் கழுவினால் பணம்தான் தண்ணீரோடு போகும். கழுவிய பின் ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

நீரில் கலக்கும் சொறி மருந்து (அமிட்ராஸ் போன்றவை): ஒரு லிட்டருக்குச் சில மில்லிதான் வரும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து கலக்குங்கள். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் பூசுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த மருந்தைக் கையாள வேண்டாம். குட்டிக்கும் சினை நாய்க்கும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

பிடரியில் விடும் சொட்டு மருந்து: முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்ட வேண்டாம். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கும் முயலுக்கும் போடாதீர்கள். சில மருந்துகள் அவற்றின் உயிரையே எடுத்துவிடும். முயல் வளர்க்கும் குழுக்கள் இதைக் கவனிக்கவும்.

எதைப் பூசினாலும் உடனே சோறு வையுங்கள், அல்லது அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போங்கள். கவனம் மாறும், நக்காது. பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, வெட்டிய ஓரத்தில் துணி சுற்றிக் கழுத்தில் மாட்டியும் விடலாம்.

முக்கியமாக, அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். முட்டையிலிருந்து சொறிப் பூச்சி வளர்ந்து பெரிதாக மூன்று வாரம் போல ஆகும். பாதியில் விட்டால் மறுபடி முதலில் இருந்துதான். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் பாருங்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

புண்ணில் புழு நெளிந்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் (உண்ணியால் வரும் காய்ச்சலாக இருக்கலாம்), மருந்து போட்டபின் நடுங்கினால் அல்லது மயங்கினால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

நம் பாதுகாப்பு

வலி இருந்தால் பழகின நாயும் கடிக்கும். வாயைத் துணி நாடாவால் தளர்வாகக் கட்டி, ஒருவர் பிடிக்க இன்னொருவர் பூசுங்கள். குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கும் வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி தேவை.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊரில் நாய்க்குப் பூசும் பொருள்கள் என்னென்ன? அவற்றில் எதை நிறுத்த வேண்டும்?
2. சொறி உள்ள நாய்களுக்கு ஒரே நாளில் மருத்துவம் பார்க்க, கால்நடை மருந்தகத்தில் யார் போய்க் கேட்பது?
3. அளவு சிரிஞ்ச், கையுறை, இடுக்கி ஆகியவற்றைக் குழுவுக்குப் பொதுவாக வாங்கி வைக்கலாமா?

நம் பட்டியைக் காக்கும் ஜீவனை நாம் காப்போம். கையில் கிடைத்ததைப் பூசாமல், கேட்டுப் பூசுவோம்!