ஒரே வீடு, ரெண்டு சின்னம்

நம்பிக்கை: புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி என்றால் அந்தக் குடும்பம் உருப்படாது.

உண்மை: ஆச்சார்ய கிருபளானி 1951இல் காங்கிரஸை விட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டார். மனைவி சுசேதாவும் முதல் பொதுத்தேர்தலில் அந்தக் கட்சியின் சார்பில்தான் புதுடெல்லியில் வென்றார். பிறகு அவர் மட்டும் காங்கிரஸுக்குத் திரும்பிவிட்டார். 1963 ஆகஸ்டில் நேரு அரசின் மீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கணவர். அதே ஆண்டு அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் காங்கிரஸ் முதல்வராக, நாட்டின் முதல் பெண் முதல்வராகப் பதவியேற்றவர் மனைவி. 1974இல் சுசேதா இறக்கும்வரை அவர்கள் தம்பதிதான்.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. கேரளத்தின் கௌரியம்மாவும் டி.வி. தாமஸும் 1957 அமைச்சரவையில் சக அமைச்சர்கள். அந்த ஆண்டே மணந்தார்கள். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது கௌரியம்மா மார்க்சிஸ்ட், தாமஸ் சிபிஐ. மணவாழ்வும் முறிந்தது. கட்சிதான் பிரித்தது என்று ஊர் ஒரே வரியில் முடித்துவிடும். இருவர் பிரிய ஒரே காரணம்தான் இருந்தது என்று நம்ப எனக்குத் தயக்கம். 1967 அமைச்சரவையில் இரண்டு கட்சிகளின் சார்பில் இருவரும் மறுபடி அமைச்சர்களாக இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: வீட்டில் அரசியலே பேசாமல் இருந்தால் சண்டை வராது.

உண்மை: வாயை மூடிக்கொண்டால் டிவி ரிமோட்டுக்குச் சண்டை வரும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும். நம்மூரில் கட்சி பெரும்பாலும் அப்பா வழியாக வருகிறது. கல்யாணப் பத்திரிகையிலேயே தலைவர் படம் போடுகிறவர்கள் நாம். அதனால் ‘உங்க தலைவர் என்னத்தக் கிழிச்சார்?’ என்று தொடங்குவது மூன்றாவது வாக்கியத்தில் ‘உங்க வீட்டு ஆளுங்களே இப்படித்தான்’ என்று போய் நிற்கிறது. அதற்கப்புறம் நடப்பது அரசியலே இல்லை, பழைய சீர்வரிசைக் கணக்கு. பஸ் கட்டணம், ரேஷன் அரிசி, பிள்ளையின் நீட் தேர்வு என்று விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு காரமாகவும் பேசலாம். பிறந்த வீடு உள்ளே வந்ததும் நிறுத்திவிடுங்கள். மாமியார் மாமனார் முன்னால் கேலி செய்வது மட்டும் வேண்டவே வேண்டாம்; அது லேசில் மறக்காது.

நம்பிக்கை: ஒரு வீட்டு ஓட்டெல்லாம் ஒரே சின்னத்துக்குத்தான். ‘யாருக்குப் போட்டே?’ என்று கேட்கப் புருஷனுக்கு உரிமை உண்டு.

உண்மை: கேட்டுவிட்டுப் போகட்டும், பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டமில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, பொதுத்தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று நீதிமன்றச் சாட்சிக் கூண்டில்கூட ஒருவரைச் சொல்லவைக்க முடியாது. யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபாட் சீட்டும் 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். கூடவே போய்ப் பட்டனை அழுத்த உதவுவது பார்வையற்றோருக்கும் உடல் இயலாதோருக்கும் மட்டும்தான். அந்தத் துணையாளும் ரகசியம் காப்பதாக எழுதித் தர வேண்டும்.

நம்பிக்கை: கட்சி ஒத்துவரவில்லை என்று விவாகரத்து வாங்கிவிடலாம்.

உண்மை: 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சொல்லும் காரணங்களில் கட்சி வேறுபாடு இல்லை; கொடுமை இருக்கிறது. ஓட்டை மாற்றிப் போடச் சொல்லி அடிப்பதும், செலவுக்குப் பணம் தராமல் பணியவைப்பதும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். அப்படி நடந்தால் பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.