‘லுக் ஆஃப்டர்’ என்றால் பிறகு பார்ப்பதல்ல

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வேலைக்கு நின்ற நம்ம தோட்டத்துத் தம்பி ஒருவர், கையில் வெட்டுக்காயத்தோடு பொங்கலுக்கு வீடு வந்தார். மருந்து கட்டிய இடத்தில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் ‘லுக் ஆஃப்டர் த வூண்ட்’ என்றிருந்தது. லுக் என்றால் பார், ஆஃப்டர் என்றால் பிறகு. “புண்ணைப் பிறகு பாக்கச் சொல்லியிருக்கு” என்று கட்டை அவிழ்க்காமலே விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு என்னிடம் வந்தார். நல்ல வேளை, விரல் தப்பியது.

அவரைக் குறை சொல்லமாட்டேன். இரண்டு சொல்லுக்கும் அவர் சொன்ன பொருள் சரிதான். சேர்ந்து வரும்போதுதான் பொருள் மாறுகிறது. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள், பராமரி. நாம் “புள்ளயப் பாத்துக்குங்க” என்போம். யாழ்ப்பாணத்தில் “பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ” என்பார்கள். அதேதான் இது.

பிள்ளை மடுவத்து ஆயாவைப் பற்றிச் சொல்வதானால், ‘ஷீ லுக்ஸ் ஆஃப்டர் த சில்ட்ரன்’. நேற்று நடந்ததென்றால் ‘லுக்ட் ஆஃப்டர்’. முதற்சொல் மட்டுமே மாறும், ஆஃப்டர் மாறாது. ‘லுக் அட்’ என்றால் ஒன்றை நேரே பார்ப்பது. ‘லுக் ஃபோர்’ என்றால் தேடுவது. வேலை தேடிப் போகிறவர் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபோர் அ ஜொப்’ என்று சொல்லவேண்டும்.

ஆங்கிலம் மட்டுமா இப்படி? ‘செய்து பார்’ என்கிறோமே, அங்கே கண்ணுக்கு என்ன வேலை? ‘பெண் பார்க்கப் போனார்கள்’ என்பதை வெள்ளைக்காரருக்கு விளக்கிப் பாருங்கள், தெரியும்! கொரியாவுக்குப் போக மொழி படிக்கும் இளைஞர்களைக் கேளுங்கள். கொரிய மொழியில் ‘போதா’ என்றால் பார், ‘ஹே போதா’ என்றால் செய்து பார், ‘தோல்போதா’ என்றால் பராமரி. நம்மைப் போல அவர்களும் வினையைக் கடைசியில்தான் வைப்பார்கள். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் ஒட்டும் குட்டிச் சொல் அவர்களையும் தடுமாற வைக்கும்.

வட்டுக்கோட்டைச் செமினரியில் 1823ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்தார்கள். யாழ்ப்பாணத்தில் நைற் பாதிரியார் தொடங்கிய சொற்சேகரிப்பை வளர்த்து, வின்ஸ்லோ பாதிரியார் 1862இல் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியாக வெளியிட்டார். அகராதி எவ்வளவு பெரிதானாலும் லுக்கைத் தனியாக, ஆஃப்டரைத் தனியாகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். ‘லுக்’ என்ற சொல்லின் கீழே கடைசிவரை வாசியுங்கள், சேர்க்கைகள் அங்கேதான் இருக்கும்.

மருந்துத் துண்டு ஆங்கிலத்தில் இருந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரியில் காட்டி விளக்கம் கேளுங்கள்.

பிள்ளைகளே, இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: அம்மா பாட்டியைப் பராமரிக்கிறார். தம்பி செருப்பைத் தேடுகிறான். மலையைப் பார்.