சின்னஞ்சிறு புரதங்கள்

புரதம் என்றதும் நமக்கு முட்டையும் பருப்பும் நினைவுக்கு வரும். "உடல் வளர்ச்சிக்கு உதவுவது" என்று ஒரு வரி எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவோம். எங்கள் வகுப்பார் அந்த ஒரு வரியைத் தாண்டிப் படிக்கக் காரணம் ஒரு தோழியின் பாட்டி.

அவள் வீடு கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே. அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டால் பாட்டிக்கு இன்சுலின் ஊசி போடுவது அவள் பொறுப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் மின்சாரம் நின்றபோது, பெரிய பானையில் ஈரமணல் நிரப்பி, நடுவே சிறு பானை வைத்து, அதில் மருந்தைக் காத்தாளாம். "கெட்டுப்போக அதில் என்னடி இருக்கிறது?" என்றோம். "புரதம்" என்றாள்!

அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சங்கிலியே புரதம். அது தனக்குரிய வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். வெப்பம் அவ்வடிவைக் குலைத்துவிடும். சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று 1963-இல் கணக்கிட்டு வரைபடம் தந்தவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய துணைவர்களும். நாம் மின்சார ரயிலேறிப் போகும் சென்னையில், பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு அது.

நம் தசையிலுள்ள டைட்டின் என்னும் புரதத்தில் 34,000-க்கும் மேற்பட்ட மணிகள். இன்சுலினில் 51 மட்டுமே. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினைச் செலுத்தினர். சாகக் கிடந்த அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது 14. நம்மைவிடச் சிறியவன்!

மாட்டின் சரக்கு மனிதனுக்கு எப்படிப் பொருந்தியது? மாட்டு இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் மூன்று மணிகளே வேறுபாடு. பன்றியினுடையதற்கு ஒன்றே ஒன்று. வேலையைக் கெடுத்த மாற்றங்கள் தலைமுறைதோறும் கழிந்துபோக, பழைய அமைப்பே நிலைத்தது. பரிணாமம் என்பது மாறுவது மட்டுமன்று, மாறாமல் காப்பதும்தான் என்று இதிலிருந்து அறிந்தோம்.

ஜீன்களைக் கணக்கெடுத்த விஞ்ஞானிகள் நெடுங்காலம் 100 மணிகளுக்குக் குறைந்தவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. நீளம் பார்த்துத் தள்ளியது நியாயமா என்று எங்களுக்குள் ஒரு வழக்காடு மன்றமே நடந்தது! இதயத் தசை துடித்தபின் தளர வேண்டுமானால் கால்சியத்தைத் திரும்ப உள்ளறைக்கு இறைக்க வேண்டும். அதற்கொரு பம்பு உண்டு. பாஸ்போலாம்பன் என்னும் 52 மணிப் புரதம் அதற்குப் பிரேக். வினாத்தாளைக் கண்டு நாம் பதறும்போது அட்ரினலின் சுரந்து அந்தப் பிரேக்கைத் தளர்த்த, இதயம் விரைந்தும் வலுவாகவும் அடிக்கிறது. 2016-இல் எலிகளின் இதயத்தில் வெறும் 34 மணிகளுடைய இன்னொரு புரதத்தைக் கண்டனர். அது பாஸ்போலாம்பனையே விலக்கிப் பம்புக்குத் துணை நிற்கிறது. புரதம் எதையும் தராது என்று எண்ணியிருந்த ஆர்.என்.ஏ. ஒன்றிலேதான் அதன் குறிப்பு இருந்தது.

இவை பழையவை. புத்தம் புதியவையும் உண்டு. முன்பு எந்தப் புரதத்துக்கும் குறிப்பாக இராத டி.என்.ஏ. பகுதிகளில் எழுத்துகள் சில மாறியதால் பிறந்த 155 சிறு ஜீன்களை, அயர்லாந்து, கிரேக்க ஆய்வாளர்கள் 2022-இல் மனிதரிடம் எடுத்துக்காட்டினர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் இவற்றைச் செயலிழக்கச் செய்தபோது, 44 ஜீன்களின் இழப்பு வளர்ச்சியைக் குன்றச் செய்தது. அந்த 155-இல் இரண்டு, நம் வழி சிம்பன்சியின் வழியிலிருந்து பிரிந்த பின்னரே தோன்றியவை.