கோட்டிங்கனில் முதல் செமஸ்டர்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்பது செலவைத்தான். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். 1737-இல் தொடங்கியது, காஸ், ரீமான், ஹில்பர்ட் ஆகியோர் கணிதம் கற்பித்த இடம். இங்கே பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். ஹைடெல்பர்க் வேறு மாநிலம். அங்கே நம்மவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். எங்கே சேர்ந்தாலும் விசாவுக்குப் பெரும்பாலும் ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். இந்தியாவில் படித்தவர்கள், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்து, அறை. அக்டோபரில் ஊரே அறை தேடும். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு எழுதிப் போடுங்கள். நேரிலோ வீடியோவிலோ பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். அங்கே யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். பல வகுப்புகளில் வருகைப் பதிவே கிடையாது. ஆனால் வகுப்புக்குப் போவதாலேயே தேர்வு எழுத உரிமை வந்துவிடாது. ‘ஃபிளெக்ஸ்நவ்’ என்ற தளத்தில், குறித்த நாளுக்குள் ஒவ்வொரு தேர்வுக்கும் நீங்களே பதிய வேண்டும். தேர்வு எழுதும் வாய்ப்புகளுக்கும் வரம்பு உண்டு. எல்லாவற்றையும் கோட்டைவிட்டால் அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர முடியாமல் போகலாம். முதல் வாரமே உங்கள் படிப்பின் தேர்வு விதிகளைப் படித்து, நாட்களைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். புரியாததைப் பேராசிரியரிடம் அவர் சந்திப்பு நேரத்தில் போய்க் கேளுங்கள். கேட்பவரை அங்கே குறைவாக நினைப்பதில்லை.

கோட்டிங்கனின் பழைய நகர மண்டபத்தின் முன்னே, நீரூற்றின் மேல், வாத்துகளோடு ஒரு வெண்கலச் சிறுமி நிற்கிறாள். முனைவர் பட்டம் வென்றவரை அலங்கரித்த கைவண்டியில் அங்கே இழுத்து வருவார்கள். அவர் மேலே ஏறி, பூங்கொத்து வைத்து, அவளுக்கு முத்தமிடுவார். வண்டியை இழுத்து வருபவர்கள் உடன் படித்தவர்களும் உடன் வேலை செய்தவர்களும்தான். அதனால் ஊர் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நாலு பேரோடு சேர்ந்து படிக்கத் தொடங்குங்கள். நம் ஊர்க்காரர்கள் மட்டுமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.