பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு எந்த ஆங்கில நாவல்?

தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் ஆங்கிலத்துக்கென்று தனி நாவல் கிடையாது. உரைநடை, கவிதை, துணைப்பாடம், இலக்கணம், அத்தோடு பாடநூல் முடிந்துவிடும். ஆனால் ஒரு முழுப் புத்தகத்தைப் படித்து முடித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் மேலிருக்கும் பயம் பாதி போய்விடும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் மாலை வகுப்பு எடுப்பவர்களும், ஒன்பதாம் வகுப்பில் கொஞ்சம் நேரம் கிடைக்கிற ஆசிரியர்களும் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டிய வேலை இது.

முதலில் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்தான் பாக்கி என்றால் நாவலைத் தொடவே வேண்டாம். 2019இல் வந்த பத்தாம் வகுப்புப் பாடநூலில் லியாம் ஓ'ஃப்ளாஹெர்ட்டியின் ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ இருக்கிறது. பறக்கப் பயந்து பாறை விளிம்பில் பசியோடு நிற்கும் கடற்பறவைக் குஞ்சு, அலகில் மீனோடு எதிரே வரும் தாய். களம், சிக்கல், உச்சம் மூன்றையும் திருப்பிப் பார்க்க அந்தச் சின்னக் கதையே போதும்.

ஒரு பருவம் முழுக்கக் கையில் இருந்தால் என் முதல் தேர்வு அனிதா தேசாய் 1982இல் எழுதிய ‘தி வில்லேஜ் பை தி ஸீ’. மகாராஷ்டிரக் கரையில் துல் என்ற ஊர். அப்பா குடிக்கிறார், அம்மா படுத்த படுக்கை. ஹரியும் அவன் அக்கா லீலாவும்தான் வீட்டைத் தாங்குகிறார்கள். ஊருக்கு உரத் தொழிற்சாலை வரப்போகிறது என்ற செய்தி கிளம்ப, எதிர்ப்புத் தெரிவிக்கப் பம்பாய் போகும் கூட்டத்தோடு ஹரியும் படகேறுகிறான். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து வீட்டுப் பெரியவர்கள் போராடியதைப் பார்த்த பிள்ளைக்கு, ‘கான்ஃப்ளிக்ட்’ என்றால் என்ன என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை வந்தால் வேலை கிடைக்குமா, மீன் போய்விடுமா என்று துல் மக்களே இரண்டாகப் பிரிந்து பேசுகிறார்கள். அந்தப் பக்கங்களை வைத்து வகுப்பையும் இரண்டாகப் பிரித்து ஆங்கிலத்தில் வாதாட விடலாம். பறவை ஆராயும் பெரியவர் ஒருவரும் கதையில் வருகிறார். பூநாரை பார்க்கக் கேமராவோடு வருகிறவர்களைத் தெரிந்த பிள்ளைகள் அவரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இந்தப் புத்தகத்தில் ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அப்பா குடித்துவிட்டு வரும் பகுதிகளைப் பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், நீங்களே வாசியுங்கள். ‘உன் வீட்டில் எப்படி?’ என்ற கேள்வி அந்த அறையில் எழவே கூடாது.

ஹெமிங்வேயின் ‘தி ஓல்ட் மேன் அண்ட் தி ஸீ’ (1952) பலருக்கும் முதலில் தோன்றும். மீனவப் பிள்ளைகள், மீனவர் கதை என்ற எளிய கணக்கு. ஆனால் அது ஆழ்கடலில் தூண்டில் போடும் ஒற்றைக் கிழவரின் கதை. இங்கே இடுப்பளவுத் தண்ணீரில் வலை இழுப்பார்கள். யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைப் பாடு முறைப்படி சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ‘ஏன் சார் தனியா போறாரு?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி, அங்கேயே நின்று பேசுங்கள். அத்தியாயப் பிரிவே இல்லாத புத்தகம் என்பதால் ஒன்பதாம் வகுப்புக்கு மூச்சு முட்டும். பதினொன்றாம் வகுப்புக்கு ஒத்துவரும்.

இலக்கியச் சொற்களைத் திருப்பிப் பார்க்க இதைப் போன்ற புத்தகம் இல்லை. ஒட்டுப்போட்ட பாய் தோல்வியின் கொடிபோல் இருந்தது என்ற உவமை முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. கிழவர் கடலைப் பெண்ணாக நினைக்கிறார், இளம் மீனவர்களோ அதை எதிராளியாகப் பார்க்கிறார்கள். கடலம்மா என்று கும்பிடுகிற ஊரில் ‘பெர்சானிஃபிகேஷன்’ பாடம் நடத்த இது ஒன்றே போதும். இருபது சொற்களுக்கு இலக்கணம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வில் வரிகளைக் கொடுத்துத்தான் அணியைக் கேட்கிறார்கள். உருவகத்தைத் தமிழ் வகுப்பில் படித்தவர்கள்தானே, அதிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் ‘ரைம்’ என்றதும் எதுகைக்குப் போய்விடாதீர்கள், அடியின் கடைசியில் ஒலி ஒத்துவரும் இயைபுதான் அதற்கு நெருக்கம்.

எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள் என்றால் ஆர்.கே. நாராயணின் ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ (1935). வாக்கியம் சின்னது, சிரிப்பு உண்டு, பள்ளிக்கூடம் எங்கேயும் பள்ளிக்கூடம்தான்.

எந்தப் புத்தகம் எடுத்தாலும் சொல் பட்டியலை நீங்கள் தயாரிக்காதீர்கள். படகுத்துறையில் பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்த பொருள்களை அவர்களே தமிழில் எழுதட்டும்: வலைக் கண்ணி, இரை, ஓதம், முகத்துவாரம். எதிரே ‘மெஷ்’, ‘பெய்ட்’, ‘டைட்’, ‘எஸ்சுவரி’. ‘சாண்ட்பார்’ வந்ததும், முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடல்தண்ணீர் உள்ளே வராது, மீனும் இறாலும் குறையும் என்று மூன்று ஆங்கில வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். அந்தச் சொல் அவர்களுக்கு மறக்காது.

காசும் ஒரு கணக்கு. ஹெமிங்வே இறந்தது 1961இல். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்தபின் 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை என்பதால் அவர் வாழ்நாளில் வெளிவந்த இந்த நாவலை 2022 முதல் தாராளமாக நகலெடுத்துக் கொடுக்கலாம். மற்ற இரண்டையும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு பிரதி என்றால் சமாளிக்கலாம். நாலு பேருக்கு ஒன்று என்று ஆகிவிட்டால், நீங்கள் வாசிக்க அவர்கள் கேட்பதே மேல்.